குரிசு பிடித்தவள்

இன்று காலை ஒரு பழைய பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். மழை விட்டிருந்த சனிக்கிழமை. வீட்டில் வேறு உருப்படியான வேலை இல்லை. பாதி தேய்க்கும்போதே விரல்களில் அந்த வாசனை ஏறிவிட்டது. புளியும் பித்தளையும் சேர்ந்தால் எழும் வாசனை, நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மதியம் சோறு பிசையும்போதும் கூடவே இருந்தது. சரி, உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோது இதை எழுதியிருந்தாலும் நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நீ தமிழில் பேசுவாய், சண்டை போடுவாய், சாபம் விடுவாய், படிக்கத் தெரியாது. மட்டாஞ்சேரியில் நம் தெருப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோயிலிலும் மலையாளம். எனக்கு மட்டும் என் அம்மா ஒரு பழைய ஜெபப்புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். "பெரிய பண்டிதை வந்துட்டா" என்று கேலி செய்வாய். கேலி செய்து முடித்த பிறகு, அதிலிருந்து ஏதாவது படித்துச் சொல்லடி என்று கேட்பாய்.

சனிக்கிழமை மதியங்களில் கோயில் பித்தளையைப் பீடப்பிள்ளைகள்தான் தேய்க்க வேண்டும். பூசையில் அச்சனுக்கு உதவி செய்யும் பிள்ளைகளுக்கு நம் கோயிலில் அந்தப் பெயர். பாதிரியாரை ஊரே அச்சன் என்றுதான் அழைக்கும். மெழுகுவர்த்தித் தண்டு, மணி, தூபக்கலசம், கடைசியில் குரிசு. தமிழ்ப் பூசையில் அதைச் சிலுவை என்பார்கள், நம் வாயில் அது எப்போதும் குரிசுதான். நீளக் கம்பின் உச்சியில் பொருத்திய பித்தளைக் குரிசு. எத்தனையோ காலம் எத்தனையோ பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்து அதிலிருந்த இயேசுவுக்கு மூக்கே இல்லாமல் போயிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் தேச்சா ஆளே இருக்க மாட்டாரு" என்று நீ சொன்னது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கப்பியார் காதில் விழுந்து, அன்று நமக்கு நல்ல வசவு கிடைத்தது.

நான் பக்தியால் பீடத்துக்குப் போனவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கோயிலில் ஒழுங்காக ஓடிய ஒரே மின்விசிறி பீடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பையன்கள் ஒவ்வொருவராக டியூஷன், கிரிக்கெட் என்று பீடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டிருந்த நேரம், புதிதாக வந்த இளம் அச்சன் ஒருநாள் பிரசங்கத்தின் முடிவில், இனிமேல் பெண்பிள்ளைகளும் பீடத்தில் உதவலாம், மேலிடத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று சொன்னார். நான் மின்விசிறியை நினைத்துக்கொண்டு போனேன். நீ ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "அந்தக் குரிச நான் பிடிக்கணும்" என்றாய். ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் நடப்பது குரிசுதான். அதற்கு மேல் விளக்கம் எதுவும் நீ சொல்லவில்லை.

உன் அப்பா தையல்காரர். கடைத்தெருவில் அரிசி மண்டிகளுக்கு நடுவே, ஒரு மெஷினும் ஓர் இஸ்திரி மேசையும் மட்டும் கொள்கிற அளவுக்கு ஒரு கடை. பீடப்பிள்ளைகளுக்கான வெள்ளை அங்கிகளெல்லாம் அவர் தைத்தவை. தோளில் ஒரு சுருக்கு, கையில் இரட்டைத் தையல், கீழே ஒரு சாண் மடிப்பு. பையன் வளர வளர மடிப்பை அவிழ்த்து இறக்கிக்கொள்ளலாம். கூலி வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் நின்று, தன் அங்கி எந்தப் பையன் மேல் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பூசையைக் கவனித்தாரா என்பது சந்தேகம்தான்.

எனவே, பெண்பிள்ளைகளுக்கும் அங்கி தைக்க வேண்டும் என்றதும் அச்சன் இயல்பாக அவரைத்தான் கேட்டார். பூசை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்று சாயாக் கடைக்குப் போகலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம். நாம் இருவரும் அச்சன் பக்கத்திலேயே நின்றோம், அளவெடுப்பார் என்ற நினைப்பில். பையன்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"அச்சா, ஆம்பளப் பிள்ளைகளுக்கு எத்தன வேணும்னாலும் தெச்சுத் தரேன். பெண்குட்டிகளுக்கு மாட்டேன்" என்றார் உன் அப்பா.

அச்சன் சிரித்துக்கொண்டே, "எந்தா சேட்டா, உங்க மகளுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்" என்றார்.

"அவளுக்குத்தான் முதல்ல மாட்டேன். மாசாமாசம் அந்த நாள் வந்தா இதுங்க பீடத்துல ஏறுமா, எறங்கி நிக்குமா? அதையும் அச்சன் ஒவ்வொருத்திகிட்டயா கேட்டு நடத்துவாரா?"

பையன்கள் சிரித்தார்கள். நீ அந்த வருடம்தான் வயதுக்கு வந்திருந்தாய். தெருவில் எல்லோருக்கும் தெரியும். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அச்சன் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். உன் அப்பா கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நினைத்ததை அந்த முற்றத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆனால் சொன்ன இடமும் நேரமும் இருக்கிறதே, அதை நீ கடைசிவரை மன்னிக்கவில்லை.

நீ அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ நேராக அச்சனிடம் போய், "பழைய அங்கி மதி அச்சா. புதுசு வேண்டா" என்றாய். அதாவது பழையதே போதும். பையன்கள் விட்டுப்போன அங்கிகள் உடை மாற்றும் அறையின் மர அலமாரியில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து, மடிப்பை அவிழ்த்துப் போட்டுக்கொண்டாய். தோள் தொங்கியது. அதுவும் உன் அப்பாவின் தையல்தானே என்று நான் சொன்னபோது, "தெரியும். கூலி வாங்காம தெச்சது. யார் வேணும்னாலும் போடலாம்" என்றாய்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து உன் அப்பா நம் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மகள் பீடத்திலிருந்து இறங்கும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டு, தோப்பும்படியைத் தாண்டி வேறொரு கோயிலுக்குச் சைக்கிளில் போனார். வீட்டில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறை, ஒரே சோற்றுப்பானை, நடுவில் உன் அம்மா. "அம்மா, ஃபீஸ் கட்டணும்னு அப்பாகிட்ட சொல்லு" என்று அப்பா காதில் விழும்படி சொல்வாய். "நாளைக்குத் தரேன்னு சொல்லு" என்று அவரும் சொல்வார். உன் அம்மா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பியே களைத்துப்போனாள். "ரண்டு பேரும் ஒரே துணியில வெட்டினது, எனக்குத் தெரியாதா" என்று என்னிடம் புலம்புவாள்.

உனக்குக் குரிசு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. முதலில் தண்ணீரும் திராட்சரசமும் எடுத்துக் கொடுக்கும் வேலை, பிறகு மணி. ஒருநாள் குரிசுப் பையன் காய்ச்சலில் படுத்தபோதுதான் கப்பியார் வேண்டாவெறுப்பாக உன்னைக் கூப்பிட்டார். கம்பை எங்கே பிடிப்பது, எந்த உயரத்தில் நிறுத்துவது என்று காட்டிவிட்டு, அதன் சட்டத்தையும் சொன்னார். "குரிசு கையில் உண்டெங்கில் ஆரடெ முன்பிலும் முட்டு குத்தண்டா. மெத்ரான் வந்நாலும் வேண்டா. தாழ்த்துகயும் செய்யருது." பிஷப்பே வந்தாலும் முழங்காலிட வேண்டாம், குரிசைத் தாழ்த்தவும் கூடாது. ஊரெல்லாம் நற்கருணைக்கு முழங்காலிடும்போதும் குரிசு பிடித்தவர் மட்டும் தலையை லேசாகக் குனிந்துவிட்டு நிற்கலாம்.

உன் முகம் மலர்ந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். "எடி, கேட்டியா? ஆருக்கும் முட்டு குத்த வேண்டா" என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். அதன் பிறகு அந்த வேலையை நீ வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காய்ச்சலில் படுத்த பையன் எழுந்து வந்து கேட்டும் கொடுக்கவில்லை. நான் உன் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்தேன். பெருநாள், ஓசானா என்கிற குருத்தோலை ஞாயிறு, சாவு ஊர்வலம் எல்லாவற்றுக்கும் நாம்தான். சாவு என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அனுமதி கிடைக்கும். அழுகை நடக்கிற வீட்டில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நாம் கண்ணாடி பார்த்துப் பழகினோம். சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது, போரடிப்பதாகவும் தெரியக் கூடாது. இப்போதும் ஆபீஸ் மீட்டிங்குகளில் எனக்கு அந்த முகம்தான் உதவுகிறது.

உன் அப்பா இறந்தது நாம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளி திறந்த மழைக்காலத்தில். சீருடைத் துணிகள் கடை முழுக்கக் குவிந்து கிடந்தன. மெஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார் என்று பக்கத்து மண்டிக்காரர் வந்து சொன்னார். உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன்னைக் காணவில்லை. கோயிலில், உடை மாற்றும் அறையில், அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். அங்கியைக் கையில் எடுத்திருந்தாய்.

"நாளைக்கு நான் குரிசு பிடிக்கறேன்" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. "எடி, நீ மகள்டி. அம்மா கூட நிக்கணும்."

"அம்மா கூட நின்னா பெட்டிகிட்ட நிக்கணும். எல்லாரும் என்ன அழச் சொல்லுவாங்க. உம்மா குடுக்கச் சொல்லுவாங்க. எனக்கு அது வராது. எனக்கு அங்க நிக்கத் தெரியாது."

அடக்கத்துக்கு முன் பெட்டி மூடும் நேரத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தில் முத்தம் கொடுப்பார்கள். அந்தக் கடைசி முத்தம் கொடுக்காத பிள்ளையை ஊர் லேசில் விடாது. நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். குரிசைப் பிடித்துக்கொண்டால் ஊர்வலத்தின் முன்னால் நடக்கலாம், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் தோன்றியது.

உன் அத்தைமார் இடக்கொச்சியிலிருந்து வந்து இறங்கியதும் விஷயம் தெரிந்து வீடு இரண்டுபட்டது. "உயிரோட இருந்தப்பப் பிடிக்காதத அவன் செத்த அன்னிக்கே செய்யணுமாடி? அவன் முன்னால அந்த உடுப்பப் போட்டுட்டு நிப்பியா?" என்று பெரிய அத்தை கத்தினாள். உண்மையைச் சொன்னால், அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அச்சனைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவ எங்க வேணும்னாலும் நிக்கட்டும் அச்சா. வந்து நின்னா மதி" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த நாள் மழையில் ஊர்வலம் போனது. நீ முன்னால், உனக்கு இரண்டு பக்கமும் மெழுகுவர்த்திகள், ஒன்று நான். கண்ணாடிக் கூண்டுக்குள் திரி நின்று எரிந்தது. கடைத்தெருவில் ஷட்டர்களைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். மண்டியில் மூட்டை தூக்குபவர்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பாவின் கடைக்கு முன்னால் வரும்போது நீ நடையை மாற்றவில்லை. கம்பைப் பிடித்த உன் விரல்கள் வெளுத்திருந்தன. அங்கி நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. அவர் மிதிக்க மாட்டேன் என்ற வாசலைத் தாண்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

நாம் இருவரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டோம். இத்தனை சாவுக்குப் போனவர்கள், நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூசை முடிந்ததும் கடைசி ஜெபம் உண்டு. அதற்கு அச்சன் பெட்டியின் கால்மாட்டில் நிற்பார். குரிசு நிற்க வேண்டிய இடம் தலைமாடு. மற்ற வீட்டுச் சாவுகளில் அது நமக்கு வெறும் இடம், போய் நிற்போம், கொட்டாவியை அடக்குவோம், வருவோம். அன்று அச்சன் பீடத்திலிருந்து இறங்கத் தொடங்கியபோதுதான் உனக்கு நினைவு வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாய். சொந்தக்காரர்களுக்குக்கூட அவ்வளவு பக்கம் கிடைக்காது. திறந்த பெட்டி, உன் அப்பாவின் முகம், அதற்கு நேர் மேலே நீ.

போய் நின்றாய். வேறு என்ன செய்ய முடியும்? பழகிய கால்கள் தாமாகப் போய்விடும். அச்சன் ஜெபம் சொல்லும் நேரம் முழுவதும் நீ அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய், மூன்று வருடமாக நேரே பார்க்காத முகத்தை. நாம் கண்ணாடியில் பழகிய அந்த முகத்தை உன்னால் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்திருந்தாய். தாடை மட்டும் கொஞ்சம் ஆடியது.

பிறகு முத்தம் தொடங்கியது. அம்மா, அத்தைமார், சித்தப்பாமார், கடைத்தெருக்காரர்கள். எல்லோரும் முடிந்ததும் பெரிய அத்தை உன் அங்கியின் கையைப் பிடித்தாள். "மோளே, வா. அப்பனுக்கு உம்மா குடு. இனி பாக்க முடியாது." நீ அசையவில்லை. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கப்பியார் பக்கத்தில் வந்து, குரிசைத் தன்னிடம் கொடு என்பதுபோல் கையை நீட்டினார். நீ இல்லை என்று தலையசைத்தாய்.

அப்புறம் நீ செய்ததை நான் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றிப் பிடித்து, குரிசைச் சாய்த்தாய். அது கனம், நடுங்கியது. மூக்கில்லாத அந்த இயேசுவின் பாதம் உன் அப்பாவின் நெற்றியில் படும்வரை இறக்கினாய். தொட்டது. ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்தாய். பிறகு அதே மாதிரி கைமாற்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நேராக நின்றாய்.

"ஈசோயே" என்று இயேசுவைக் கூப்பிட்டார் கப்பியார், பலமாகவே. அத்தை உன் கையை விட்டுவிட்டாள். அச்சன் தீர்த்தம் தெளித்தார். உன் அம்மா எழுந்து வந்து, வெள்ளைத் துணியால் உன் அப்பாவின் முகத்தை மூடினாள்.

ஊர் அதை எப்படி எப்படியோ பேசியது. அப்பனை அவமானப்படுத்தினாள் என்றார்கள். இல்லை, அப்படியொரு மரியாதை பிஷப்புக்கும் கிடைக்காது என்றார்கள். இரண்டு மூன்று சனிக்கிழமைகள் கழித்து, அந்தக் குரிசையே மடியில் வைத்துப் புளியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீயாகச் சொன்னாய். "எனக்கு முத்தம் குடுக்க வரல. அவருக்கு ஒண்ணும் குடுக்காம அனுப்பவும் வரல. கையில இருந்தது அதுதான்." சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாய். அப்போதும் நீ அழவில்லை. நான்தான் அழுதேன், புளிக் கையோடு கண்ணைத் துடைத்து எரிச்சலும் சேர்ந்துகொண்டது. நீ சிரித்துவிட்டாய்.

உன் சின்ன அத்தை நல்லவள். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒருநாள், "அவன் ஒளிஞ்சு நின்னு நீ குரிசு பிடிக்கறதப் பாத்திருப்பான் மோளே, உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டிருப்பான்" என்றாள். வேறு யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நீ, "இல்ல அத்தே, பாக்கல. பாத்திருந்தா சண்டைக்கு வந்திருப்பாரு" என்றாய். உன்னிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இல்லாததை இருந்ததாகச் சொல்லி யாரும் உன்னைச் சமாதானப்படுத்த முடியாது. அவர் கடைசிவரை மனம் மாறவில்லை, நீயும் மாறவில்லை, ஆனாலும் அவர் உன் அப்பா. இந்த மூன்றையும் சேர்த்தே நீ வைத்துக்கொண்டிருந்தாய்.

பிறகு எல்லோரையும்போல் நாமும் பீடத்திலிருந்து இறங்கினோம். கல்லூரி, வேலை. நீ கலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாய். அங்கேயே தினமும் தலைவலி மாத்திரை வாங்க வந்த ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாய். "அவருக்குத் தலைவலியே கிடையாதுடி" என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாய். ஒரு மகள் பிறந்தாள். நான் எர்ணாகுளத்துக்கு வேலைக்கு வரும் நாட்களில் உன் கடையில் தலைகாட்டுவேன். நின்றபடியே பேசுவோம், நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்பார்கள். அவ்வளவுதான் நம் பிற்காலம். குறை ஒன்றும் இல்லை.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடைக்காரி, நீயே மாத்திரை போட்டுக்கொண்டாய். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உனக்கு நினைவில்லை. இதைப் பற்றி மேலும் எழுதினால் உன்மேல் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

அடக்கம் உன் வீட்டுக்காரரின் கோயிலில். பீடத்தில் நின்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. குரிசு பிடித்திருந்தவள் அளவெடுத்துத் தைத்த அங்கியில் இருந்தாள், கம்பை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். நீ இருந்திருந்தால் எழுந்து போய்த் திருத்தியிருப்பாய். நான் பாட்டுக்கு அந்தப் பழைய முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

முத்தம் கொடுக்கும் நேரம் வந்தது. உன் நாத்தனார் உன் மகளைத் தூக்கினாள். ஏழு வயதுப் பிள்ளை. உடம்பை விறைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று காலை உதைத்தாள். "அம்மயல்லே மோளே, ஒரு உம்ம குடு" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பிள்ளையின் தலையைப் பிடித்துக் குனிய வைக்கப் பார்த்தாள்.

"விடுங்க அவள" என்றேன். கோயிலுக்குள் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. "கொடுக்க வராத பிள்ளைய ஆரும் பிடிச்சுக் குனிய வைக்க வேண்டா. அவ அம்மாவும் கொடுத்ததில்ல." அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விட்டார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பெட்டி மூடும்வரை அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். இதையும் சொல்லிவிடுகிறேன்: நானும் உன் பக்கத்தில் வரவில்லை. பிள்ளை கையில் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அன்று சாயங்காலம், வீடு நிறையச் செருப்பும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக இருந்தபோது, அவள் என் மடியில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "ஆன்ட்டி, எல்லாரும் அம்மாக்கு உம்ம குடுத்தாங்க. நான் ஒண்ணும் குடுக்கல, இல்லே?"

முத்தம் குடுக்க வரல, ஒண்ணும் குடுக்காம அனுப்பவும் வரல என்று நீ அன்று சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் காப்பாற்றியிருந்தேன், இரண்டாம் பாதி இப்போது என் மடியில் உட்கார்ந்து கேள்வி கேட்டது. அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம், நீ நினைத்தாலே போதும் என்று சொல்லியிருக்கலாம். உன் பிள்ளையிடம் அப்படி ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உன் அப்பா கதையை முழுவதும் சொன்னேன். முற்றம், பழைய அங்கி, மழை, குரிசு. தாத்தா ஏன் அப்படிப் பேசினார் என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

"அப்போ அம்மா கரஞ்ஞோ?" என்று கேட்டாள்.

"இல்ல, அழல."

"எனக்கும் வரல." என் மடியில் திரும்பி உட்கார்ந்தாள். "நான் எந்தா கொடுக்கணும்?"

"யோசி. அவசரம் ஒண்ணும் இல்ல. எப்ப வேணும்னாலும் கொடுக்கலாம், நான் கொண்டுபோறேன்" என்றேன்.

அதிலிருந்து மாதம் ஓரிரு முறை அவளைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வாள், அடுத்த முறை மாற்றிவிடுவாள். கலர் பென்சில் என்றாள், பிறகு அது ஸ்கூலுக்கு வேண்டும் என்றாள். ஒரு படம் வரைந்தாள், நன்றாக வரவில்லை என்று கிழித்தாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. போன வாரம் வாசலிலேயே காத்திருந்தாள். வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் ஒன்று போயிருந்தது. மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தருவார்களே, அந்தச் சின்னக் காகித உறை, உன் அலமாரியிலிருந்து எடுத்திருப்பாள். பல்லை அதில் போட்டு என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். "இது அம்மாக்கு. இது என்டெ சொந்தம்" என்றாள்.

ஒரு வாரமாக அது என் கைப்பையில் இருக்கிறது. வேலைக்குப் படகில் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உன் கல்லறைக்கு நான் இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. உனக்கு முன்னால் வந்து நிற்க எனக்கு வரவில்லை, அதுதான் உண்மை. ஆனால் இப்போது வராமல் முடியாது, பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நாளைப் பூசை முடிந்ததும் வருகிறேன். ரொம்பச் சின்னப் பல். நீ தொலைத்துவிடக் கூடாது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.